பாயின்டரின் மேல் பைட்: ஒரு கேமரா டிரைவரைச் சரிசெய்த அனுபவம்

பயனர் நிரல் கொடுக்கும் பாயின்டரை, அதாவது மெமரி முகவரியை, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் எப்படிக் கையாள்வது என்று டிரைவர் எழுதுகிற யாரைக் கேட்டாலும் "காப்பி ஃப்ரம் யூசர் போடு, நேராகத் தொடாதே" என்பார்கள். பயனர் மெமரியிலிருந்து பத்திரமாக நகல் எடுக்கும் கெர்னல் ஃபங்ஷன் அது. சரிதான். ஆனால் பாயின்டரின் மேல் பைட்டில் டேக் என்ற சிறு அடையாள எண் ஒட்டிக்கொண்டு வர ஆரம்பித்த பிறகு அது பாதிப் பதில்தான். மீதிப் பாதியை நான் படித்தது கப்பலூர் பக்கம் ஒரு நூற்பாலையில் மாட்டியிருக்கும் கேமராப் பெட்டியால்.

பெட்டியின் வேலை எளிது. ஆலையில் ஒவ்வொரு கவுண்ட் (நூலின் நயத்தைக் குறிக்கும் நம்பர்) நூலையும் ஒவ்வொரு நிறப் பேப்பர் கோனில் சுற்றுகிறார்கள். நாற்பதாம் நம்பர் கோன்களுக்கு நடுவே முப்பதாம் நம்பர் ஒன்று கலந்து போய்விட்டால், திருப்பூரில் துணி ஆன பிறகுதான் பட்டை பட்டையாகத் தெரியும். பிறகு லாட் முழுவதும் திரும்பி வரும். அதனால் பேக்கிங்குக்குப் போகும் வழியில் ஒரு கேமரா கோனின் நுனி நிறத்தைப் பார்த்து, மாறியிருந்தால் சைரன் அடிக்கும். உள்ளே ஒரு ஆர்ம் 64 போர்டு, லினக்ஸ், ஒரு கேமரா கார்டு. கார்டை விற்ற நிறுவனமே டிரைவரையும் கொடுத்திருந்தது. லினக்ஸின் அதிகாரபூர்வ மூலமான மெயின்லைன் கெர்னலில் இல்லாத டிரைவர்.

நைட் ஷிஃப்டில் எப்போதாவது ஒருமுறை எங்கள் அப்ளிகேஷன் செத்து விழும். விழும் இடம் ஒவ்வொரு முறையும் வேறு. விடுவித்த மெமரியை எங்கோ மறுபடி தொடுகிறோம் என்று ஊகிக்க முடிந்தது, எங்கே என்றுதான் தெரியவில்லை. அப்ளிகேஷன் பக்கம் பார்த்துக்கொள்கிற தம்பி, மெமரித் தவறுகளைப் பிடிக்கும் ஹெச்டபிள்யூ ஏசான் என்ற சானிடைசரைப் போட்டு ஓட்டிப் பார்ப்போம் என்றார். வழக்கமான அட்ரஸ் சானிடைசரைவிட இது மெமரியைக் குறைவாகத் தின்னும். எங்கள் போர்டில் இருக்கும் ரேமுக்கு அது ஒன்றே வழி.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. ஆர்ம் 64-இல் பாயின்டர் 64 பிட். ஆனால் 48 பிட் முகவரி அமைப்பில் பயனர் முகவரியின் மேல் 16 பிட்டும் பூஜ்யமாகவே கிடக்கும். மேல் பைட்டை, அதாவது 56 முதல் 63 வரையுள்ள பிட்களை, முகவரியைத் தேடும்போது பிராசசர் கண்டுகொள்ளாமல் விட ஒரு வசதி உண்டு. டாப் பைட் இக்னோர் என்று பெயர். லினக்ஸ் அதைப் பயனர் நிரல்களுக்கு எப்போதும் போட்டே வைத்திருக்கிறது. ஹெச்டபிள்யூ ஏசான் அந்தக் காலி பைட்டில் ஒரு டேக்கை எழுதிவிடும். மெமரியை 16 பைட் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் என்ன டேக் என்று தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கும். நிரல் மெமரியைத் தொடும்போதெல்லாம் பாயின்டரின் டேக்கும் துண்டின் டேக்கும் ஒன்றா என்று பார்க்கும். மெமரியை ஃப்ரீ செய்ததும், அதாவது விடுவித்ததும், துண்டின் டேக் மாறிவிடும். பழைய பாயின்டரோடு வந்தால் மாட்டிக்கொள்ளும். 256-இல் ஒரு தடவை தற்செயலாக ஒத்துப்போகலாம், அது பரவாயில்லை.

முதல் முட்டுக்கட்டை கெர்னல் வயது. போர்டோடு வந்தது லினக்ஸ் 4.19. அந்தக் கெர்னலுக்கு, நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் சிஸ்டம் கால் வழியாக டேக்கோடு வரும் பாயின்டர் செல்லாத பாயின்டர். டேக்டு அட்ரஸ் ஏபிஐ என்ற ஒப்பந்தமே 2019-இல், லினக்ஸ் 5.4-இல்தான் வந்தது. அதன் ஆவணத்தை எழுதியவர்கள் வின்சென்சோ ஃப்ரஸ்கினோவும் கேட்டலின் மரினாஸும். ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு இழை) "நான் டேக் வைத்த பாயின்டர் அனுப்புவேன்" என்று பிஆர்சிடிஎல் என்ற சிஸ்டம் கால் மூலம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதிலிருந்து பிறக்கும் த்ரெட்களுக்கும் அது செல்லும். எக்ஸெக் செய்து வேறு நிரலாக மாறினால் அழிந்துவிடும். இதைச் சானிடைசரே தொடக்கத்தில் கேட்டுக்கொள்ளும், கெர்னல் புதிதாக இருந்தால் போதும். 5.10-க்கு மாறினோம். டிரைவரை அதற்குக் கொண்டுவந்தது தனிப் பாடு, அதை விடுங்கள்.

மாறியதும் அப்ளிகேஷன் எழுந்தது, கேமரா எழவில்லை. படம் வந்து விழும் மெமரியான பஃபரைப் பதிவு செய்யும் ஐஆக்டில், அதாவது டிரைவருக்கான கட்டளை, "மோசமான முகவரி" என்று திரும்பியது.

"அண்ணே, கெர்னல்தான் தள்ளுது. எம்மேப்ல எடுத்த பஃபர் ஓடுது, மாலக்ல எடுத்தது ஓடல."

தம்பிதான் சொன்னார். எம்மேப் கெர்னலிடம் நேராக மெமரி கேட்பது; மாலக் நிரலின் ஹீப் என்ற பொதுக் கிடங்கிலிருந்து எடுப்பது. நல்ல துப்பு. ஹெச்டபிள்யூ ஏசான் ஹீப்பில் தரும் மெமரிக்கும் ஸ்டாக்கில் இருப்பதற்கும் டேக் வைக்கும். நேராக எம்மேப் செய்ததற்கு வைக்காது. ஆக இது டேக் விவகாரம். டிரைவரில் பிரின்ட்கே (கெர்னலில் அச்சடிக்கும் கட்டளை) போட்டுப் பார்த்தால் முகவரியின் மேல் பகுதி சுத்தமாகப் பூஜ்யம் என்று வந்தது! இங்கே பலர் ஏமாந்து வேறு பக்கம் தேடப் போவார்கள். 4.15-இலிருந்து கெர்னலில் முகவரியை அச்சடிக்க %பி என்று போட்டால் உண்மையான முகவரி வராது; ரகசியம் கசியாமலிருக்க ஹேஷ் செய்து உருமாற்றிய ஒரு 32 பிட் எண்தான் வரும், மேல் 32 பிட்டும் பூஜ்யமாக. டேக் இருந்தாலும் கண்ணில் படாது. பயனர் நிரலில் பிரின்ட்எஃப் போட்டால் முழுசாகத் தெரியும். கெர்னலில் பார்க்க வேண்டுமானால் %பிஎக்ஸ் போட வேண்டும், அல்லது அந்த எண்ணை வெறும் 64 பிட் முழு எண்ணாக ஹெக்ஸில் அச்சடிக்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிடவும் வேண்டும்.

அப்படிப் பார்த்ததும் முதல் இரண்டு இலக்கத்தில் டேக் பளிச்சென்று நின்றது. டிரைவர் செய்தது இதுதான்: ஐஆக்டிலில் வந்த ஸ்ட்ரக்சரை (பல புலங்கள் சேர்ந்த கட்டு) காப்பி ஃப்ரம் யூசர் மூலம் எடுத்து, அதற்குள் இருந்த பஃபர் முகவரி பயனர் எல்லைக்குள் இருக்கிறதா என்று ஆக்ஸஸ் ஓகே கொண்டு சோதித்து, பிறகு ஃபைண்ட் விஎம்ஏ மூலம் அந்த முகவரி எந்த மெமரிப் பகுதிக்குள் விழுகிறது, அதில் எழுத அனுமதி உண்டா என்று பார்த்தது. ஆக்ஸஸ் ஓகே தாண்டிவிட்டது, ஏனென்றால் 5.4-க்குப் பிந்தைய கெர்னலில் அது டேக்கைக் கழித்துவிட்டுத்தான் எல்லையைப் பார்க்கும். ஃபைண்ட் விஎம்ஏவுக்கு அந்தக் கரிசனம் கிடையாது. அது வெறும் எண்களை ஒப்பிடும். மேல் பைட்டில் டேக் இருந்தால் எண் மலை அளவு பெரிதாகிவிடுகிறது. அந்த உயரத்தில் எந்தப் பகுதியும் இல்லை. கிடைப்பது நல் பாயின்டர், அதாவது எதையும் சுட்டாத வெற்று முகவரி.

கல்யாணப் பத்திரிகையில் ஒருவர் பெயரை "உயர்திரு" என்று போட்டு எழுதினாலும் "திரு" என்று எழுதினாலும் போஸ்ட்மேன் ஒரே வீட்டில்தான் கொண்டுபோய்ப் போடுவார். அதே உறைகளை அகர வரிசையில் அடுக்கச் சொன்னால், ஒரே ஆள் உகரத்தில் ஒரு தடவை, திகரத்தில் ஒரு தடவை என்று இரண்டு ஆளாகிவிடுவார். பிராசசர் போஸ்ட்மேன். ஃபைண்ட் விஎம்ஏ, ஹேஷ் டேபிள், பெரிது சிறிது பார்க்கும் ஒவ்வொரு இஃப் வரி, இவையெல்லாம் அடுக்குகிற ஆள்.

இந்தப் பிரச்சினை எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. அந்தக் காலத்தில் கெர்னல் டெவலப்பர் ஆந்திரே கொனொவலோவ் அனுப்பிய பேட்ச் தொடரைப் பார்த்தால், இதே காரணத்துக்காக ஏஎம்டி மற்றும் ரேடியான் கிராபிக்ஸ் டிரைவர்கள், வீடியோ ஃபார் லினக்ஸின் விடியோபஃப், மெல்லனாக்ஸ் இன்ஃபினிபேண்ட், டீ ஷேர்டு மெமரி, விஎஃப்ஐஓ எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறார். எல்லாமே பயனர் பஃபரை நேராகக் கருவிக்குக் கொடுக்கிற டிரைவர்கள். மெயின்லைனில் இருந்தவை பிழைத்தன. எங்களுடையது போல வெளியில் திரிந்தவை அப்படியே கிடந்தன.

கார்டு நிறுவனத்துக்கு எழுதினோம். ஒரு பேட்ச் வந்தது. ஐஆக்டில் நுழைவாயிலிலேயே, ஸ்ட்ரக்சரில் இருக்கும் எல்லா 64 பிட் புலங்களிலும் மேல் பைட்டை ஒரு மாஸ்க் (வேண்டாத பிட்களை மறைக்கும் எண்) போட்டு அழித்துவிடும் பேட்ச். போட்டதும் கேமரா ஓடியது. ஆனால் நான் அதை ஏற்கவில்லை. காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் யாருக்கும் முதலில் தோன்றும் வழி இதுதான்.

ஸ்ட்ரக்சரில் எல்லாமே பாயின்டர் இல்லை. எங்கள் டிரைவரில் "யூசர் டேட்டா" என்று ஒரு புலம் உண்டு. அப்ளிகேஷன் எதை வைத்தாலும் ஃபிரேம் முடிந்ததும் அப்படியே திருப்பித் தர வேண்டும். அப்ளிகேஷன் அதில் தன் ஆப்ஜெக்டின் பாயின்டரை வைத்திருந்தது. மாஸ்க் போட்டதும் டேக் போய், பூஜ்ய டேக்கோடு திரும்பி வந்தது. அதைத் தொட்ட மறு நொடி சானிடைசர் "டேக் ஒத்துப்போகவில்லை" என்று கத்தியது. இல்லாத தவறைக் கெர்னலே உண்டாக்கிக் கொடுத்தது போல. ஆண்ட்ராய்டு 11-இலிருந்து ஹீப் பாயின்டர்களுக்கு டேக் வைப்பதால் அங்கேயும் இதே வகைத் தொல்லை உண்டு. டேக்கை வெட்டிவிட்டு ஃப்ரீ செய்ய வந்தால், டேக் துண்டிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லி நிரலை நிறுத்திவிடும். எது பாயின்டர், எது வெறும் எண் என்று சிஸ்டம் கால் வாசலில் நிற்கும் கெர்னலுக்குத் தெரியாது. அந்த ஐஆக்டிலை எழுதியவருக்குத்தான் தெரியும்.

அடுத்தது, மெமரியைத் தொடப் போகிற பாயின்டரின் டேக்கை வெட்டுவது. இன்று ஹெச்டபிள்யூ ஏசானில் இது உறைக்காது, ஏனென்றால் கெர்னல் தொடுவதை அது பார்ப்பதில்லை. நாளைக்கு மெமரி டேக்கிங் வசதியுள்ள பிராசசர் வந்தால் கதை வேறு. ஆர்ம் 8.5-இல் வந்த அந்த வசதிக்கு லினக்ஸ் 5.10-இல் பயனர் நிரல்களுக்கான ஆதரவு சேர்ந்தது. 56 முதல் 59 வரை நான்கு பிட் டேக், சரிபார்ப்பது ஹார்ட்வேரே. உடனுக்குடன் சரிபார்க்கும் சின்க் மோடில் காப்பி ஃப்ரம் யூசர் தொடும்போதும் டேக் பார்க்கப்படும். நீங்கள் டேக்கை வெட்டிக் கொடுத்தால் ஒழுங்கான பஃபரே மோசமான முகவரி ஆகிவிடும்.

மூன்றாவது, மாஸ்க் போட்ட விதம். மேல் எட்டு பிட்டைப் பூஜ்யமாக்குவதும் டேக்கைக் கழிப்பதும் ஒன்றல்ல. ஆர்ம் 64-இல் ஒரு முகவரி பயனருடையதா கெர்னலுடையதா என்று தீர்மானிப்பது 55-ஆம் பிட். டேக்கைக் கழிக்கக் கெர்னலே தரும் அன்டேக்டு அட்ரெஸ் மேக்ரோ அந்த 55-ஆம் பிட்டை மேலே நீட்டி, அதை மூல மதிப்போடு ஆண்ட் செய்கிறது. 55 பூஜ்யமென்றால் மேல் பைட் துடைக்கப்படும். 55 ஒன்று என்றால் வந்த முகவரி வந்தபடியே நிற்கும், அடுத்து வரும் எல்லைச் சோதனையில் அடிபடும். கையால் எழுதிய மாஸ்க் அந்த முகவரியை இரண்டுங்கெட்டானாக மாற்றிவிடுகிறது. மேல் பிட்டைப் பார்த்து "இது கெர்னல் முகவரி" என்று கண்டுபிடிக்கும் பழைய பாணிச் சோதனை எங்காவது இருந்தால் அதன் கண்ணில் மண். பாதுகாப்பு விஷயத்தில் சொந்த மாஸ்க் எழுதுவதை நான் எந்தக் கோடு ரிவ்யூவிலும் விட மாட்டேன்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? ஸ்ட்ரக்சரை ஒரே ஒரு முறை காப்பி செய்து, அதன் பிறகு பயனர் மெமரியிலிருந்து அதே புலத்தை மறுபடி படிப்பதை அறவே நிறுத்தினோம். பஃபர் முகவரிக்கு இரண்டு மாறிகள். வந்தபடியே உள்ளது ஒன்று. அன்டேக்டு அட்ரெஸ் வழியாகப் போனது இன்னொன்று. காப்பி செய்வதற்கும் திருப்பிக் கொடுப்பதற்கும் முதலாவது. ஒப்பிட, தேட, பட்டியலில் சாவியாக வைக்க, பக்க எல்லைக்கு இறக்க, எல்லாவற்றுக்கும் இரண்டாவது. பெயரிலேயே வித்தியாசம் தெரியும்படி வைத்தோம், அடுத்து வருபவர் குழம்பக் கூடாது. பக்கங்களைப் பிடித்து வைக்கும் கெட் யூசர் பேஜஸ் தானே உள்ளே டேக்கைக் கழித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு முன்னால் நாம் செய்யும் சோதனைகளை அது வந்து காப்பாற்றாது.

பட்டியல் சாவி விஷயம் இன்னும் மோசமாக மறைந்திருந்தது. டிரைவர் பதிவான பஃபர்களை முகவரியை வைத்துத் தேடும். ஒரு டேக்கோடு பதிவு செய்த பஃபரை வேறு டேக்கோடு, அல்லது டேக்கே இல்லாமல் விடுவிக்கச் சொன்னால் "அப்படி ஒன்றும் இல்லை" என்று திரும்பும்; பிடித்த பக்கங்கள் பிடித்தபடியே கிடக்கும். சத்தம் போடாத கசிவு. ஒரே பஃபர் இரண்டு டேக்கில் இரண்டு முறை பதிவாகாமல் தடுக்கும் ஓவர்லாப் சோதனையும் இதே காரணத்தால் செத்திருந்தது.

எல்லா இடத்திலும் கழிப்பதும் சரியில்லை. இதற்கு கெர்னலின் சொந்தச் சரித்திரமே உதாரணம். 5.4-இல், மெமரி இடம் கேட்கும் பிஆர்கே, எம்மேப், எம்ரீமேப் மூன்றும் வரும் முகவரியின் மேல் பைட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டன. சி மொழி நூலகமான ஜிலிப்சியின் மாலக், எல்லை மீறிய முகவரியை பிஆர்கே நிராகரிக்கும் என்று நம்பி எழுதப்பட்டது. நிராகரிப்பு வராததால் அது உடைந்தது. 5.6-இல் திருத்தினார்கள்: புதிதாக ஒரு இடத்தை உருவாக்கக் கொடுக்கும் முகவரியில் டேக் செல்லாது, ஏற்கனவே இருக்கும் இடத்தைச் சுட்டும் எம்அன்மேப், எம்அட்வைஸ் போன்றவற்றில் செல்லும். எங்கள் டிரைவரிலும் ஒரு மூலையில் "இந்த முகவரியில் மேப் செய்" என்ற வசதி இருந்தது. அங்கே டேக் வந்தால் பிழை என்று திருப்பிவிடுகிறோம்.

வேலையைப் பின்னால் செய்யத் தள்ளிவைக்கும் ஒர்க் க்யூ பற்றியும் ஒரு வார்த்தை. டேக் அனுமதி த்ரெட் வாரியானது. ஃபிரேம் விவரத்தைப் பயனர் மெமரியில் எழுதும் வேலையை டிரைவர் ஒரு கெர்னல் த்ரெட்டுக்குத் தள்ளியிருந்தது. அந்த த்ரெட் எந்த ஒப்பந்தமும் கேட்டதில்லை. இதற்காகவே 5.5 முதல் கெர்னல் த்ரெட்களிடம் ஆக்ஸஸ் ஓகே டேக்கைக் கழித்தே பார்க்கிறது. ஓடும்தான். ஆனால் அப்போது அனுமதி கேட்காத நிரலின் டேக்கும் உள்ளே போய்விடும். அதனால் சோதனை முழுவதையும் ஐஆக்டில் அழைத்த த்ரெட்டிலேயே முடித்துவிட்டு, பிறகுதான் க்யூவில் போடுகிறோம்.

டிரைவரில் எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று தேட எனக்கு உதவியது கோடில் சொல் தேடும் சாதாரண கிரெப்தான்: ஃபைண்ட் விஎம்ஏ, கெட் யூசர் பேஜஸ், பின் யூசர் பேஜஸ், அப்புறம் யூசர் பாயின்டரை அன்சைன்டு லாங்காக மாற்றும் ஒவ்வொரு காஸ்ட். இந்தக் கடைசி வகைதான் பொக்கிஷம். பாயின்டர் எண்ணாக மாறும் இடத்தில்தான் டேக் விஷமாகிறது. கெர்னல் கோடைச் சரிபார்க்கும் ஸ்பார்ஸை ஓட்டினால் யூசர் என்ற குறி விட்டுப்போன இடங்களையும் காட்டிக்கொடுக்கும்.

சோதிக்க சானிடைசர் வேண்டியதில்லை. கெர்னல் மூலத்திலேயே ஆர்ம் 64-க்கு ஒரு குட்டி செல்ஃப்டெஸ்ட் இருக்கிறது. பஃபர் பாயின்டரில் கையால் டேக் ஒட்டி யூநேம் என்ற சிஸ்டம் காலைக் கூப்பிட்டுப் பார்க்கும். அதே பாணியில் எங்கள் ஒவ்வொரு ஐஆக்டிலுக்கும் எழுதினோம். டேக் மதிப்பில் 1, 127, 128, 255 நான்கும் கட்டாயம். 127-க்கும் 128-க்கும் நடுவில்தான் 63-ஆம் பிட் மாறுகிறது. எண்ணை சைன்டு ஆக எடுத்து "பூஜ்யத்துக்குக் கீழா" என்று பார்க்கும் வரிகள் அங்கே மாட்டும். டேக் ஒட்டிய நல் பாயின்டரையும் அனுப்ப வேண்டும், ஏனென்றால் அது பூஜ்யம் அல்ல. "பாயின்டர் இல்லையென்றால்" என்ற சோதனை அதைப் பிடிக்காது. 55-ஆம் பிட்டை ஏற்றி ஒன்று, அது எப்போதும் தோற்க வேண்டும். ஒரு டேக்கில் பதிவு, மறு டேக்கில் விடுவிப்பு. அனுமதி கேட்காத நிரலிலிருந்து அதே அழைப்பு.

ஆலையின் இன்னொரு யூனிட்டில் பெட்டிக்குப் பதில் சாதாரண இன்டெல் கம்ப்யூட்டர் இருக்கிறது, அதே டிரைவர் அங்கேயும் ஏற வேண்டும். மேல் பைட் மாஸ்க்கை மறுக்க அது ஒன்றே போதும். இதற்கு இன்டெல் தரும் வசதியான லீனியர் அட்ரஸ் மாஸ்கிங்கில் டேக் 57 முதல் 62 வரை ஆறே பிட். 63 தன் வேலையைப் பார்க்கும். லினக்ஸ் 6.4-இல் இது வந்தது. எந்த மாஸ்க் என்பது ஒவ்வொரு பிராசஸுக்கும் தனி. அதனால் வேறொரு பிராசஸின் மெமரியைப் பார்க்கும் கோடு, தன் மாஸ்க்கைப் போடக் கூடாது. அன்டேக்டு அட்ரெஸ் ரிமோட் என்று தனி மேக்ரோ அதற்கே இருக்கிறது. மேக்ரோவை நம்பி எழுதினால் பிராசசர் மாறும்போது டிரைவரைத் தொட வேண்டியதில்லை.

கடைசியில் அந்த நைட் ஷிஃப்ட் வியாதியும் பிடிபட்டது. அப்ளிகேஷனில் ஷிஃப்ட் மாறும்போது நூல் செட்டிங்கை மாற்றினால் பஃபர்களை முதலில் ஃப்ரீ செய்துவிட்டு, பிறகுதான் டிரைவரிடம் பதிவை ரத்து செய்யச் சொல்லும். நடுவில் திரையில் காட்டும் த்ரெட் பழைய ஃபிரேமைப் படிக்க வந்தது. சானிடைசர் அந்த வரியையே சுட்டிக்காட்டியது. ஆனால் அது காட்டாத இன்னொன்றும் இருந்தது: அதே இடைவெளியில் கேமரா கார்டு, பிராசசர் இல்லாமல் நேராக எழுதும் டிஎம்ஏ வழியாக, ஃப்ரீ ஆகி வேறு யாருக்கோ போய்விட்ட மெமரியில் படத்தை எழுதிக்கொண்டிருந்தது. டிஎம்ஏவுக்கு டேக் தெரியாது, அதை எந்தச் சானிடைசரும் பார்க்காது. "அண்ணே, ஏசான் சுத்தமா ஓடுது, ஏத்திரலாமா" என்று கேட்ட தம்பியிடம் ரத்து செய்கிற வரியை ஃப்ரீக்கு மேலே ஏற்றச் சொன்னேன். அதோடு, ரத்து செய்யும் ஐஆக்டில் கார்டு எழுதி முடித்ததை உறுதி செய்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று டிரைவரிலும் ஒரு காத்திருப்பைச் சேர்த்தோம். அதற்குப் பிறகுதான் ஆலைக்கு எடுத்துப் போனோம்.